இழை: நம்ம மாவட்டத்துக்கு 'தெய்வம்' மாதிரி ஒரு படம் எடுத்தால் எந்தெந்தக் கதை?

தெப்பக்குளத்தான் (ஞாயிறு, இரவு 9.40)

இன்று மத்தியானம் அம்மையோடு உட்கார்ந்து 'தெய்வம்' படத்தை முழுசாகப் பார்த்தேன். 1972இல் வந்தது. சாண்டோ சின்னப்பா தேவர் தயாரிப்பு, எம்.ஏ. திருமுகம் இயக்கம். முருக பக்தர்களுக்கு நடந்த அற்புதங்கள் என்று தனித்தனிக் கதைகள். நடுவே கிருபானந்த வாரியார் வந்து ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடுகிறார். இப்போது 'ஆந்தாலஜி' என்று சொல்லி ஓடிடியில் விடுகிறார்களே, அதைத் தேவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே விபூதி பூசி எடுத்து வைத்துவிட்டார்.

அம்மை கதை ஓடும்போதெல்லாம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தால் மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். மதுரை சோமு மருதமலையைப் பாடி முடிக்கிற வரைக்கும் ஒரு காய்கூட நறுக்கவில்லை.

படம் முடிந்ததும், "திருச்செந்தூர் வரைக்கும் வந்தவங்க இன்னும் கொஞ்சம் தெற்கே வந்திருக்கலாம்" என்றாள். அதனால்தான் இந்த இழை. குமரி மாவட்டத்துக்கு இப்படி ஒரு படம் என்றால் என்ன கதைகள் வைப்பீர்கள்? ஒரே ஒரு நிபந்தனை: புராணம் வேண்டாம். சாதாரண ஆளுக்கு, சாதாரண நாளில் நடந்ததாக இருக்க வேண்டும்.

நானே தொடங்கி வைக்கிறேன். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா, மக்கள்மார் சந்திப்பு. கோட்டார் வலம்புரிப் பிள்ளையாரும் வேளிமலைக் குமாரசாமியும் அப்பன் அம்மையைப் பார்க்க வருகிற ராத்திரி. ரத வீதியில் ஒரு வயசான தம்பதி. மகன் துபாயில். மூன்று வருஷமாக வரவில்லை. சாமி வருகிறது. கூட்டத்துக்குள்ளே மகனும் நிற்கிறான்.

வேளிமலைக்காரி (ஞாயிறு, இரவு 10.05)

அண்ணா, சாமி வருவதற்கும் மகன் வருவதற்கும் நடுவில் விளம்பர இடைவேளை விட்டால் இதை அப்படியே ராத்திரி எட்டு மணிக்கு ஒளிபரப்பலாம்.

என் கதை மண்டைக்காடு. அம்மைக்குப் பத்து வருஷமாகத் தலைவலி. மாசிக் கொடைக்குப் போய் மண்டையப்பம் நேர்ந்தாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பச்சரிசி மாவும் சிறுபயறும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, தலை மாதிரி உருட்டி, ஆவியில் அவிப்பது. தலையில் வருகிற நோவுக்கெல்லாம் அதுதான் நேர்ச்சை. அம்மை செய்த தலைக்கு ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் போய்விட்டது. பக்கத்தில் அவித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அதைப் பார்த்து, "பிள்ளே, உனக்குக் கண்ணுதான் கோளாறு, கண்ணாடி போடு" என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடி போட்டாள். தலைவலி போயே போச்சு.

அம்மை இன்றைக்கும் அதை மண்டைக்காட்டம்மை மாற்றியது என்றுதான் சொல்வாள். "கண்ணாடிதானே மாத்திச்சு?" என்று கேட்டால், "கண்ணாடி வாங்கச் சொன்னது யாரு?" என்பாள். அந்தப் பாட்டியை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லையாம்.

கேள்விக்குறி (ஞாயிறு, இரவு 10.31)

மாசிக் கொடைக் கூட்டத்தில் ஒரு தரம் பார்த்தவரை மறு தரம் பார்த்தால்தான் அக்கா அது அற்புதம்.

பத்துச் சக்கரம் (ஞாயிறு, இரவு 11.12)

நான் லாரிக்காரன். எனக்கு முப்பந்தல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினதும் காற்று எப்படி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். அங்கே காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. இசக்கியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, காசு போட்டு, ஒரு பொட்டு வைத்துக்கொண்டுதான் எல்லோரும் போவோம். ஒரு நாள் லோடு அவசரம், நிறுத்தாமல் போனேன். நாலு கிலோமீட்டர் தாண்டியிருக்க மாட்டேன், பின் டயர் வெடித்தது.

கேள்விக்குறி (ஞாயிறு, இரவு 11.15)

அண்ணாச்சி, டயர் புதுசா?

பத்துச் சக்கரம் (ஞாயிறு, இரவு 11.40)

ரீட்ரெட். அதுவும் மூன்றாவது தடவை. ஆனால் மக்கா, அதே டயர் அதுவரைக்கும் நாமக்கல் போய் வந்திருக்கிறது, அதையும் கணக்கில் எடு.

வில்லடி (திங்கள், காலை 6.50)

பத்துச் சக்கரம் அண்ணாச்சி சொன்னதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் கதையில் சாமி யாரையும் காப்பாற்றவில்லை. கண்டித்தது. இசக்கியை வைத்து 'தெய்வம்' மாதிரி ஒரு படம் எடுக்கவே முடியாது. அந்தப் படத்து முருகன் கூப்பிட்டால் வருகிறவர். இசக்கி அப்படி இல்லை, கூப்பிடாமலே வந்து நிற்கிறவள். பிள்ளை வேண்டுமென்று அவள் முன்னால் மண்பொம்மை வைக்கிறவர்களும் பயந்துகொண்டேதான் வைக்கிறார்கள்.

என் அப்பா வில்லுப்பாட்டுப் புலவர். நான் சின்ன வயசில் குடம் அடித்திருக்கிறேன். இந்தத் தனித்தனிக் கதைப் படம் என்கிறீர்களே, அது நம் கொடையில் காலங்காலமாக இருப்பதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி சாஸ்தா கதை, பிறகு இசக்கி கதை, சாமம் ஏறினால் சுடலை. வாரியார் இடத்தில் புலவர். வாரியார் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நம்ம ஊரில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' சரியாக விழவில்லை என்றால் அப்பா பாட்டை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்ப்பார்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. சினிமாவில் சாமி திரைக்குள்ளே வரும். வில்லுப்பாட்டு மேடையில் சாமி வராது. அப்பா வில்லை அடிக்கிற வீசுகோலை ஓங்கி, இசக்கி பழி வாங்குகிற இடத்துக்கு வரும்போது, எதிரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற கோமரத்தாடிக்குத்தான், அதாவது சாமியாடிக்குத்தான், உடம்பு நடுங்கத் தொடங்கும். மதியம் வரைக்கும் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஆள். எல்லோரும் மேடையை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். அப்பா பாடிக்கொண்டே இருப்பார், ஆனால் அவருடைய வேலை அப்போதே முடிந்துவிட்டது.

தெப்பக்குளத்தான் (திங்கள், காலை 8.20)

இதைத்தான் எதிர்பார்த்தேன் வில்லடி. ஆனால் தேவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். 'தெய்வம்' படத்தில் பாடினவர்களே திரையில் வந்து நிற்கிறார்கள். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள். திருச்செந்தூர்க் கடற்கரையில் டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும். நடிகர் வாயசைக்க யாரோ பின்னால் பாடுவது இல்லை. கண்ணதாசன் பாட்டு, குன்னக்குடி வைத்தியநாதன் இசை. பாட்டு வரும்போது படம் நின்று கச்சேரி நடக்கிறது. அம்மை கத்தியைக் கீழே வைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நடிப்பு கிடையாது.

கேள்விக்குறி (திங்கள், காலை 9.02)

பாட்டைப் பற்றி எனக்கும் சண்டை இல்லை. கதையைப் பற்றித்தான். அதே 1972இல் அதே தேவர், அதே திருமுகம், எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' எடுத்தார்கள். அதில் ஆபத்து வந்தால் யானை வரும். இதில் ஆபத்து வந்தால் முருகன் வருகிறார். திரைக்கதை ஒன்றுதான். சரியான நேரத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் மாறுகிறது. நான் யானைக் கட்சி. யானை வருவதற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

சுசீந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கைமுக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியை இங்கே கொண்டுவந்து, கொதிக்கிற நெய்யில் கையை விட்டு உள்ளே கிடப்பதை எடுக்கச் சொன்னார்கள். கையைத் துணியால் சுற்றிக் கட்டி, பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். வேகவில்லை என்றால் நிரபராதி. அதுவும் அற்புதம்தான், நேரம் குறித்து, சாட்சி வைத்து வரவழைக்கிற அற்புதம். கடைசியில் சுவாதித் திருநாள் மகாராஜாதான் அதை நிறுத்தினார். உங்கள் படத்தில் இந்தக் கதை வருமா? ஒழுகினசேரியில் பிறந்து வில்லுப்பாட்டில் தொடங்கின கலைவாணர் இருந்திருந்தால் இதைத்தான் முதல் கதையாக வைத்திருப்பார்.

வில்லடி (திங்கள், காலை 9.30)

கலைவாணரை உங்கள் கட்சிக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளாதீர்கள் சார். வில் எங்களுடையது.

மேற்குத் தொடர்ச்சி (திங்கள், மதியம் 1.15)

திருவட்டாறுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கதை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும், பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓடுவது சிவனுக்கு, கூப்பிடுவது "கோவிந்தா, கோபாலா" என்று. வெளியூர்க்காரனுக்கு இதைப் புரியவைப்பதற்குள் ஐந்தாவது கோயில் வந்துவிடும்.

போன தடவை ஓடும்போது ராத்திரி ரெண்டு மணி இருக்கும், காலில் கொப்புளம் உடைந்து ரப்பர் தோட்டத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீட்டு வாசலில் சுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன், பத்து வயசு இருக்கும், என் காலைப் பார்த்தான். உள்ளே போனான். தன் பள்ளிக்கூடத்து வெள்ளைக் காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு அது பாதி குதிகால் வரைக்கும்தான் ஏறியது. அவ்வளவுதான் கதை. முடித்துவிட்டேன், பன்னிரண்டும்.

வேளிமலைக்காரி (திங்கள், மதியம் 1.40)

இதை எடுக்கலாம். தேவர் எடுத்திருந்தால் அந்தப் பையன் வீட்டுக்குள்ளே போய் மறைந்திருப்பான், காலையில் போய்க் கேட்டால் "அந்த வீடு பூட்டி இருபது வருஷமாச்சே" என்று ஒருத்தர் சொல்லியிருப்பார்.

மேற்குத் தொடர்ச்சி (திங்கள், மதியம் 1.52)

காலையில் காலுறையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டில்தான் இருந்தான். ஸ்கூலுக்கு வேறு காலுறை இல்லை என்று அவன் அம்மை திட்டிக்கொண்டிருந்தாள்.

குளச்சல் காற்று (திங்கள், இரவு 7.25)

நான் கடற்கரைக்காரன், வேதக்காரன். இழையில் நுழையலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். உங்கள் கதைகள் எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. முருகன் இருக்கிற இடத்தில் மாதா, அல்லது சவேரியார். படகு கவிழ்ந்தது, ஒருத்தர் மட்டும் பிழைத்தார், நேர்ச்சையாக மெழுகுதிரி கட்டுக்கட்டாக எரிந்தது. கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி ஒளியைப் பார்த்துக் கலங்கரை விளக்கம் என்று கப்பல் பாறையில் மோதின கதையை என் பாட்டாவும் சொல்வார். அவருக்கு அது அம்மன் கதை கிடையாது, கப்பல் கதை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மணக்குடிப் பாலமே பிய்ந்து போனது. எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் போயின என்று நான் எழுத விரும்பவில்லை. அன்றைக்கும் அற்புதக் கதைகள் வந்தன. இன்னார் தென்னைமரத்தைப் பிடித்துத் தப்பினார், இன்னார் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார் என்று. ஆனால் பூசைக்குப் போய்வந்த பிள்ளைகளும் போனார்கள். 2017இல் ஒக்கி வந்தபோதும் இப்படித்தான். அற்புதப் படம் எடுக்கிறவர்கள் பிழைத்துவந்தவரிடம் மட்டும் போய்க் கதை கேட்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை.

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அம்மையே ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு டிவியில் முருகன் படம் பார்ப்பாள்.

தெப்பக்குளத்தான் (திங்கள், இரவு 8.10)

நண்பரே, நுழையலாமா என்று கேட்கவே வேண்டாம். நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் துபாய் மகன் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதே ராத்திரி அதே ரத வீதியில் மகன் வராத வீடுகள்தான் அதிகம். அவர்களும் சாமி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தோசை சுடுகிறார்கள். படம் எடுப்பதானால் அந்தத் தோசையைத்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

பத்துச் சக்கரம் (திங்கள், இரவு 8.45)

தோசைக்கு யார் மக்கா டிக்கெட் எடுப்பான்?

பழைய ஆப்பரேட்டர் (திங்கள், இரவு 11.58)

நான் இங்கே வாசிக்கிறவன் மட்டும்தான், எழுதினதில்லை. தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு ஓலைக் கொட்டகையில் ஆப்பரேட்டராக இருந்தேன். எங்களுக்கு வருகிற பெட்டி, படம் வெளியாகி ஏழெட்டு வருஷம் ஊரூராகச் சுற்றி, கடைசியாக வருவது. பிரிண்ட் முழுக்கக் கீறல் மழை பெய்யும். சாமி படம் என்றால் மட்டும் முதலாளிக்குச் சந்தோஷம், கூடவே பயம். சந்தோஷம், பெண்கள் கூட்டம் வரும் என்று. பயம், சாமி தோன்றினதும் தரை டிக்கெட்டில் நாலு பேர் எழுந்து சூடம் கொளுத்துவார்கள், மேலே ஓலை. அதற்காகவே ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு பையனை நிறுத்துவார்.

ஒரு முருகன் படம் வந்தது. எது என்று வேண்டாம். அதில் ஒரு பாட்டியின் பேரன் கிணற்றில் விழுந்துவிடுவான். பாட்டி "முருகா" என்று கத்துவாள். மணிச் சத்தம் கேட்கும், புகை வரும், முருகன் வேலோடு நின்று சிரிப்பார், கிணற்றுக்குள்ளிருந்து பையன் மேலே மிதந்து வருவான். முதல் நாள் ரெண்டு காட்சியும் சூடம், குலவை, எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ரெண்டாம் நாள் முதல் காட்சியில் சரியாக அந்த இடத்தில் ஃபிலிம், மிஷினில் வெளிச்சம் விழுகிற 'கேட்'டில் சிக்கிக்கொண்டது. ஓட்டை எல்லாம் கிழிந்த பிரிண்ட். என் மிஷினிலும் பல் சக்கரம் தேய்ந்திருந்தது, மாற்றச் சொல்லி ஆறு மாசம் ஆகியிருந்தது. கார்பன் வெளிச்சம் ஒரு நொடி ஒரே இடத்தில் விழுந்தால் போதும், திரையில் முருகன் முகத்தில் பழுப்பாக ஒரு குமிழ் வந்து அப்படியே விரிந்தது. ஷட்டரை மூடினேன். கீழே விசில். கிழிந்த பக்கம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு ரெண்டு நுனியையும் சுரண்டி, ஃபிலிம் ஒட்டுகிற சிமென்ட் தடவி ஒட்டினேன். ஒரு வினாடிக்கு ஒன்றரை அடி ஃபிலிம். நான் வெட்டினது பன்னிரண்டு அடி. எட்டு வினாடி. அதில்தான் முருகன் இருந்தார்.

அடுத்த காட்சியில் பாட்டி "முருகா" என்று கத்தினாள். மணிச் சத்தம் பாதியில் அறுந்தது. உடனே பையன் கிணற்றுச் சுவரில் நனைந்து உட்கார்ந்திருக்கிறான், பாட்டி அவனைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், திட்டுவார்கள் என்று. கொட்டகையில் சத்தமே இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை, சூடம் இல்லை. வாளியோடு நின்ற பையனும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையிலிருந்து ஒரு பெண் குரல், "எப்பிடிட்டீ மேல வந்தான்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது. பிறகு ஒரு அழுகைச் சத்தம். அப்புறம் இன்னொன்று. குலவைச் சத்தம் மாதிரி இல்லை அது. நான் சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், அது ரெண்டும் இல்லை.

படம் பத்து நாள் ஓடியது. விநியோகஸ்தர் ஆள் வந்து பார்த்துவிட்டு வெட்டினதற்காக என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார், பிடித்தார்கள். இதை நான் அற்புதம் என்று சொல்லமாட்டேன். பல் சக்கரத்தை மாற்றியிருந்தால் முருகன் வந்திருப்பார்.

கேள்விக்குறி (செவ்வாய், காலை 7.05)

அண்ணாச்சி, இந்த ஒரு கதைக்கு நான் டிக்கெட் எடுப்பேன்.

வில்லடி (செவ்வாய், காலை 7.30)

அப்பா இருந்திருந்தால் இதற்கு ஒரு 'ஆமா' போட்டிருப்பார்.

குளச்சல் காற்று (செவ்வாய், காலை 7.48)

ரெண்டு தடவை வாசித்தேன். எங்கள் வீட்டிலும் வாசித்துக் காட்டினேன்.

தெப்பக்குளத்தான் (செவ்வாய், காலை 10.20)

இப்போதுதான் ஆப்பரேட்டர் அண்ணாச்சி எழுதினதை அம்மைக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். நம்ம படத்தில் சாமியைக் காட்டவே கூடாது, இந்த மாதிரிதான் எடுக்க வேண்டும் என்று நானும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன். அம்மை கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே போடுகிறேன்:

"அப்போ அன்னைக்கு டிக்கெட் எடுத்தவங்க ஏமாந்துட்டாங்க. நான் கொட்டகைக்குப் போனது முருகனைப் பார்க்கத்தானே? கிணத்தைப் பார்க்க எங்க வீட்டுப் பின்னால போதாதா?"

வேளிமலைக்காரி (செவ்வாய், காலை 10.41)

அம்மை கட்சியில் நானும். பூ வாங்கி, சூடம் வாங்கி, நடந்து வந்தவளுக்கு எட்டு வினாடி முருகனைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? முருகன் வராமலே அழ நாங்கள் வீட்டிலேயே அழுவோமே.

பத்துச் சக்கரம் (செவ்வாய், மதியம் 12.10)

அப்போ ரெண்டு பிரிண்ட் போடுங்கள். முருகன் வருகிற பிரிண்ட் பெண்களுக்கு, வராத பிரிண்ட் கேள்விக்குறி தம்பிக்கு.

பழைய ஆப்பரேட்டர் (செவ்வாய், மதியம் 3.30)

தம்பி தெப்பக்குளத்தான், உங்கள் அம்மையிடம் சொல்லுங்கள். வெட்டின துண்டை நான் எறியவில்லை. எறிந்துவிட்டதாக மேலே எழுதினது பழக்க தோஷம், அன்றைக்கு முதலாளியிடம் அப்படித்தான் சொன்னேன். சுருட்டி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன். எரிந்த கட்டத்தை மட்டும் நறுக்கிவிட்டேன். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம் நாள்பட்டால் நீலமும் பச்சையும் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். மயில் இப்போது செம்பருத்தி நிறத்தில் இருக்கிறது. வேல் நன்றாகத் தெரிகிறது. அவர்களுக்குப் பார்க்க ஆசை இருந்தால் கொண்டுவருகிறேன். மிஷின் கிடையாது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

தெப்பக்குளத்தான் (செவ்வாய், மாலை 5.15)

கேட்டேன். "எப்போ வாறார்?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணாச்சி, ரசவடை வாங்கி வைக்கிறேன். பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது. எங்கள் திண்ணையில் வெயில் விழ அவ்வளவு நேரமாகும்.